ஒட்டிக்கிட்ட திராட்சையும் ஒதுக்க வேண்டிய பழக்கமும்

2024 தீபாவளி முடிந்து மூன்று வாரம் இருக்கும். காலையிலிருந்து விடாத தூறல். ராயபுரத்தில் என் வைத்தியசாலைக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. அதைப் பார்த்து, தைலமும் சூரணமும் எழுதிக் கொடுத்து முடித்ததும், மருமகள் கையிலிருந்த துணிப்பையை மேஜை மேல் வைத்தார். பாறாங்கல் மாதிரி 'தொம்'மென்று உட்கார்ந்தது பை.

உள்ளே உலர்ந்த திராட்சை. ரெண்டு கிலோ இருக்கும். ஆனால் 'திராட்சைகள்' என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பெரிய திராட்சைக் கட்டி!

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டுக்காரர் சின்ன அளவில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். பன்னிரண்டு பவர் டேபிள். தீபாவளி போனஸோடு தொழிலாளர்களுக்கு ஆளுக்குக் கால் கிலோ திராட்சையும் கொஞ்சம் பேரீச்சையும் கொடுக்கலாம் என்று புரட்டாசியிலேயே மொத்தக் கடையில் பெட்டியாக வாங்கிவிட்டார்கள். கொடுத்தது போக ஆறேழு கிலோ மிச்சம். கீழே திராட்சைப் பெட்டி, மேலே பேரீச்சைப் பெட்டி, அதுக்கு மேலே அட்டைப் பெட்டிகள் என்று அடுக்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டு அறையில் வைத்துவிட்டார்கள். ஐப்பசி மழையும் வந்தது. பிரித்துப் பார்த்தால் இந்தக் கோலம்.

"டாக்டருங்க, இத உப்புத்தண்ணில அலசி வெயில்ல போட்டா உதிரி உதிரியா வந்துருமுங்க. இவ என்னடான்னா மொத்தத்தையும் குப்பைல கொட்டச் சொல்றா. காசு என்ன சும்மாவா வருது?" என்றார் மாமியார்.

மருமகள் மெதுவாகச் சொன்னார்: "அதுகூடப் பரவாயில்லீங்க டாக்டர். அலசிக் காயப்போட்டு கம்பெனில வேலை செய்யறவங்க புள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்ங்கறாங்க அத்தை. நம்ம பையனுக்குக் குடுக்க யோசிக்கறத அதுங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

நம் வீடுகளில் இது வருஷா வருஷம் நடக்கிறது. தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, 'ஹோல்சேல் ரேட்'டில் வருகிறது என்று முந்திரி, திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம் எல்லாம் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். பிறகு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைப் பிரிக்க ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்கிறார்கள். ஒட்டியதைப் பிரிப்பது பெரிய வித்தையே இல்லை. எதைப் பிரித்துச் சாப்பிடலாம், எதைத் தொடாமல் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிவதுதான் வித்தை. அதைவிட முக்கியம், இப்படி ஒட்டுகிற அளவுக்கு வாங்கி அடுக்கும் பழக்கத்தை விடுவது.

ஏன் ஒட்டுகிறது?

நாம் வாங்குகிற உலர் திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிராவின் சாங்கிலி, நாசிக் பக்கமிருந்தும் கர்நாடகாவின் விஜயபுரா பக்கமிருந்தும் வருகிறது. விதையில்லாத பச்சைத் திராட்சையை, பொட்டாசியம் கார்பனேட்டும் ஒருவகை எண்ணெய்க் கரைசலும் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, நிழல் கொட்டகையில் வலைத்தட்டுகளில் பரப்பிப் பல நாள் உலர்த்துகிறார்கள். பழத்தின் மேல் இருக்கும் மெழுகுப் படலம் தளர்ந்து, ஈரம் சீக்கிரம் வெளியேறுவதற்காக அந்த முக்குதல். ஏறக்குறைய நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ உலர் திராட்சை கிடைக்கும்.

பழமாக இருந்தபோது நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். காய்ந்த பிறகு பதினைந்து பங்குக்குப் பக்கம். மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. நூறு கிராம் உலர் திராட்சையில் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சர்க்கரைக்கு ஒரு குணம்... காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். ஈரத்தை இழுத்ததும் தோல் பிசுபிசுக்கும். மேலே பத்து கிலோ பாரம் அழுத்தினால் உள்ளே இருக்கும் பாகு கசிந்து, பக்கத்துப் பழத்தோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் பழம்தான் முதலில் கட்டியாவதற்குக் காரணம் இதுதான்.

திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் காற்றுதான் அடிக்குமே தவிர மழை குறைவு. எங்கள் ஊருக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான். சித்த மருத்துவத்தில் இதைக் கூதிர் காலம் என்போம். வெயில் காலத்தில் 'கலகல'வென்று இருந்த சரக்கு இந்த ரெண்டு மாதத்தில்தான் இறுகிப் போகிறது. நம் தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. மூட்டையாக வாங்குவதும் அப்போதுதான்!

பேரீச்சைக்கு இது புதுசே இல்லை. என் வயசுக்காரர்களுக்கு நினைவிருக்கும். "பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் குரல் கேட்டதும், உடைந்த கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வண்டியில் கறுப்பாக ஒரு பெரிய கட்டி இருக்கும். அதிலிருந்து பிய்த்துக் கொடுப்பார். அழுத்திக் கட்டப்பட்டு வந்த பழம் என்பதால் பழத்துக்குப் பழம் அடையாளமே தெரியாது. ஈ, தூசி எல்லாம் சேர்ந்து வரும். அதையும் ருசியாகச் சாப்பிட்டோம். 'நாங்க எல்லாம் அதைத் தின்னு நல்லாத்தானே இருக்கோம்' என்று இன்றைக்கும் சிலர் வாதம் செய்வதுண்டு. வயிற்றுப்போக்கில் கிடந்த நாட்களை நாம் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டியில் நான்கு வகை

அந்த மழை நாளில் மேஜை மேல் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்தேன். ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சம். கட்டியைத் தண்ணீர் படாமல் கையாலேயே நாலைந்து துண்டாக உடைத்தேன். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நீங்களும் வீட்டில் இப்படிச் செய்யலாம். முதலில் பார்க்கணும், அப்புறம் முகரணும், கடைசியில்தான் பிரிக்கணும். அலசுவது முதல் வேலையே அல்ல. அலசினால் குற்றம் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் போய்விடும்!

முதல் வகை: வெறும் பிசுபிசுப்பு. பழம் பளபளப்பாக, மணம் இனிப்பாக, விரலால் இழுத்தால் நூல் இழுத்து வருகிற கட்டி. இதில் குற்றம் ஏதும் இல்லை. தாராளமாகப் பிரித்துச் சாப்பிடலாம்.

இரண்டாவது வகை: வெள்ளை படிந்தது, ஆனால் சர்க்கரை. பழத்தில் இருக்கும் சர்க்கரை வெளியே வந்து உறைந்துகொள்ளும். தொட்டால் ரவை போல நறநறக்கும். ஒரு பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அந்த வெள்ளை கரைந்து காணாமல் போகும். இதுவும் நல்லதுதான். பூஞ்சை என்று பயந்து கொட்ட வேண்டாம். அந்த மருமகள் பயந்ததில் பாதி இதுதான்.

மூன்றாவது வகை: புளித்தது. முகர்ந்தால் கள் வாடையோ காடி வாடையோ வரும். அழுத்தினால் நுரை மாதிரி கசியும். ஈரம் அதிகமாகி நொதித்துவிட்டது என்று அர்த்தம். இதைக் காயவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. தூக்கிப் போடுங்கள்.

நாலாவது வகை: பூஞ்சை. வெள்ளையாகவோ, சாம்பல், பச்சை, கறுப்பு நிறத்திலோ பஞ்சு போல, தூள் போல இருக்கும். தண்ணீரில் போட்டால் கரையாது, மிதக்கும், அல்லது பழத்தோடு ஒட்டி நிற்கும். மழையில் நனைந்த மண்சுவர் மாதிரி ஒரு மக்கல் வாடை வரும். இதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆழமாக இழுத்து முகரக்கூடாது. இந்தக் கட்டியை மொத்தமாக ஒதுக்க வேண்டும். 'மேலே இருக்கிற பூஞ்சையை மட்டும் துடைச்சிட்டு...' என்ற பேச்சே கூடாது. மேலே தெரிவது பூ மாதிரி, வேர் உள்ளே ஓடியிருக்கும்.

இது தவிர, நூலாம்படை போல இழை, மாவு போன்ற எச்சம், சின்னப் புழு, பொட்டலத்தைத் திறந்ததும் பறக்கிற சின்ன அந்துப்பூச்சி... இவை இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம்.

பேரீச்சையும் அத்தியும் இன்னும் கள்ளத்தனமானவை. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கறுப்புத் தூளாகப் பூஞ்சையோ புழுவோ இருக்கும். அதனால் ஒவ்வொரு பேரீச்சையையும் பிளந்து கொட்டையை எடுத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போடணும். குழந்தைக்குக் கொடுக்கும்போது கண்டிப்பாக. அத்திப்பழத்தையும் இரண்டாகக் கிழித்துப் பார்க்கணும். அத்தி அதிகம் விளையும் துருக்கியில் ஏற்றுமதிக்கு முன் உலர் அத்தியைப் புற ஊதா விளக்கின் கீழே ஓடவிட்டு, பச்சை மஞ்சளாக ஒளிர்கிற பழத்தைப் பொறுக்கி எறிகிறார்கள். அந்த ஒளி, பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும் என்பதற்கு அடையாளம். நம் வீட்டில் அந்த விளக்கு இல்லை. நம்மிடம் இருப்பது கண்ணும் மூக்கும் விரலும்தான்.

அந்த ரெண்டு கிலோவில் பாதிக்கு மேல் நல்ல பழம். சுமார் கால் பங்கு புளித்தது. பெட்டியின் அடி மூலையில் இருந்த ஒரு கைப்பிடி அளவு, பச்சைப் பூஞ்சை. அதைப் பார்த்ததும் மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத அலசியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார். அதுதான் நான் சொல்ல நினைத்ததும்!

கொதிக்க வைத்தால் போகாதா?

'பாயசத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் பூஞ்சை செத்துவிடுமே?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பூஞ்சை சாகலாம். அது விட்டுப்போன நஞ்சு சாகாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக் குடும்பம், உலர் அத்தி, நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். இது ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். அதே குடும்பத்தின் கறுப்புப் பூஞ்சை திராட்சையில் ஓக்ரடாக்சின் என்ற நஞ்சை விடும். இது சிறுநீரகத்துக்கு எதிரி. ஐரோப்பிய நாடுகள் 2023 முதல் உலர் திராட்சை ஒரு கிலோவில் இந்த நஞ்சு 8 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். நம் வீட்டு அடுப்புச் சூட்டில் இவை முழுசாக அழிவதில்லை.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்து போனதில் தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. அப்போதுதான் அஃப்லடாக்சினை உலகம் அடையாளம் கண்டது.

கோழி கதை தூரத்துக் கதை. நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 1974-ல் குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டக் கிராமங்களில் ஈரல் நோய் பரவியது. பருவம் தப்பிப் பெய்த மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் சேமித்த மக்காச்சோளத்தை அங்கிருந்த ஏழை ஜனங்கள் சாப்பிட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அவர்களுக்கு அது பூசணம் பிடித்தது என்று தெரியாமலா இருந்திருக்கும்? வேறு தானியம் இல்லை. அதனால் சாப்பிட்டார்கள்.

நாலு திராட்சை தின்றால் அந்த கதி வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஒரு தரம் தெரியாமல் ஒன்றிரண்டு விழுங்கிவிட்டால் பதற வேண்டியதும் இல்லை. இந்த நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கெடுதல் செய்கிற ரகம். ஆனால் யார் வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எப்போதும் வேறு வழியில்லாதவர் வயிற்றுக்குத்தான். நமக்கு வேண்டாம் என்று தோன்றியது, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு, கம்பெனித் தொழிலாளியின் குழந்தைக்கு, கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு என்று போகிறது. 'வீணாக்காமக் குடுத்தோம்' என்று நமக்கும் ஒரு திருப்தி. இதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்: "உங்க கம்பெனி செக்கிங் டேபிள்ல ஒரு பீஸ்ல குண்டூசி அளவு ஓட்டை, சின்ன எண்ணெய்க்கறை இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ஒதுக்கிடுவமுங்க. பார்ட்டி எடுக்க மாட்டானுங்களே."

"மேல போடற துணிக்கே அத்தனை செக்கிங். வயித்துக்குள்ள போறதுக்கு வேண்டாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பூஞ்சை பிடித்த கட்டியைத் தனியாகக் காகிதத்தில் பொதிந்து அவரே எடுத்துக்கொண்டார், குப்பையில் போட.

நல்ல கட்டியை எப்படிப் பிரிப்பது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். முதல் ரெண்டு வகைக் கட்டிக்கு மட்டும்தான் இது.

இன்றைக்கே சமைக்கப் போகிறீர்கள் என்றால் ரொம்பச் சுலபம். வேண்டிய அளவு உடைத்து, ஓடும் தண்ணீரில் கழுவி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் ஊறப் போடுங்கள். தானாகவே பிரிந்துவிடும். ஆனால் ஊறியதை அன்றைக்கே தீர்த்துவிடணும். மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் போட்டால் ரெண்டு நாளில் பாட்டிலே கெட்டுவிடும்.

வைத்திருந்து சாப்பிட வேண்டும் என்றால் தண்ணீரே படக்கூடாது. உப்புத்தண்ணீரும் அப்படித்தான். கூதிர் காலத்து வெயிலில் அது முழுசாகக் காயாது. உள்ளே ஈரம் தங்கிவிடும்.

அதற்கு ஒரு வழி, இளவெயில். மழை இல்லாத நாளில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை தட்டில் வைத்து மெல்லிய துணி போட்டு மூடி மொட்டை மாடியில் வையுங்கள். பாகு இளகும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் உதிரும். மூடாமல் வைத்தால் எங்கள் ஊரில் பஞ்சுத் தூசியும் சேர்ந்து காயும்! பிரித்த பிறகு நிழலில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் டப்பாவில் போடணும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, மறுபடி கட்டி.

இன்னொரு வழி, ஃப்ரீஸர். காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தால் பாகு விறைத்துக்கொள்ளும். பையோடு வைத்தே மேஜையில் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பையைத் திறக்கும் முன் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ச்சியோடு திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் பழத்தின் மேல் வேர்த்து நிற்கும்.

பேரீச்சைக் கட்டிக்கு விரல் நுனியில் ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். ஆலைகளிலும் ஒட்டாமல் இருக்க லேசாகத் தாவர எண்ணெய் பூசுவதுண்டு. நறுக்கிய பேரீச்சையை அரிசி மாவில் புரட்டி அனுப்புவதும் உண்டு. ஆனால் எண்ணெயை ஊற்றிப் பிசையாதீர்கள். நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும். திருப்பூரில் எதைத் துடைக்கவும் கட்டிங் வேஸ்ட் துணிதான் கைக்கு வரும். அதில் நிட்டிங் மிஷின் எண்ணெயும் சாயமும் பஞ்சும் இருக்கும். தின்கிற பண்டத்தை அதில் பரப்பாதீர்கள். துவைத்த வேட்டியோ நல்ல எவர்சில்வர் தட்டோ போதும்.

பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை, கற்பூரம், போரிக் பவுடர் போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்துருண்டை துணிப் பெட்டிக்கே ஆபத்தான சரக்கு, சாப்பாட்டுப் பண்டத்தின் பக்கமே வரக்கூடாது.

எவ்வளவு வாங்கலாம்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கால் கிலோ திராட்சை, கால் கிலோ பேரீச்சை மாதத்துக்குத் தாராளம். தீபாவளி மாதம் வேண்டுமானால் அரைக் கிலோ. மொத்த விலையில் கிலோவுக்குச் சில பத்து ரூபாய் லாபம் பார்த்து, கடைசியில் கால் பங்கைக் குப்பையில் கொட்டினால் லாபம் எங்கே?

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது மருந்துச் சரக்கு வகுப்பில் எங்கள் ஆசிரியர் முதலில் கற்றுக்கொடுத்தது மருந்து செய்வது அல்ல, சரக்கைப் பார்ப்பது. உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, காம்பு நீக்கி, விதை இருந்தால் அதையும் நீக்கி, ஒவ்வொன்றாக விரலில் உருட்டச் சொல்வார். ஈரம் கண்ட சரக்கு ஒன்று கலந்தால் இளகம் முழுக்கப் பூத்துவிடும் என்பார். சித்தர்கள் மருந்துக்கே ஆயுள் வகுத்திருக்கிறார்கள். சூரணத்துக்கு மூன்று மாதம், இளகத்துக்கு ஆறு மாதம் என்பது எங்கள் பாடம். தேனும் நெய்யும் சேர்த்துப் பக்குவம் செய்த இளகத்துக்கே ஆறு மாதம்தான் என்றால், படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் பெட்டிக்கு என்ன கணக்கு?

வாங்கியதும் கால் கிலோ அளவாகப் பிரித்து, நன்றாகக் காய்ந்த சின்னக் கண்ணாடி பாட்டில்களில் போடுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ரொம்ப நல்லது. வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பாட்டிலின் மேல் பாரம் வைக்காதீர்கள். அடுப்புப் பக்கமும் ஈரச் சுவர்ப் பக்கமும் வேண்டாம். ஈரக்கரண்டியோ ஈரக்கையோ உள்ளே போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. வாரம் ஒருமுறை பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். 'கலகல'வென்று சத்தம் வந்தால் சரி. சத்தம் வரவில்லை என்றால் அன்றைக்கே திறந்து பாருங்கள்.

கடையில் வாங்கும்போதும் கண் வேண்டும். கட்டியாக இருப்பதைச் சாக்கின் மேல் தட்டி உதிர்த்து நிறுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. பாக்கெட்டை அழுத்தினால் பழம் தனித்தனியாக நகர வேண்டும். பொன்னிறத் திராட்சைக்குக் கந்தகப் புகை காட்டுவது வழக்கம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும். அவர்கள் கறுப்புத் திராட்சையை, அதுவும் உறையில் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்த்ததாக எழுதாததைப் பார்த்து வாங்குவது நல்லது.

கடைசியாக ஒன்று. பேரீச்சையில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி, ரத்தசோகை உள்ள பெண்கள் தினமும் நாலு பேரீச்சையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வியாபாரியை நினைத்தோ என்னவோ! அதில் இரும்பு இருக்கிறது, ஆனால் ரத்தசோகையைத் தனியாகத் தீர்க்கும் அளவுக்கு இல்லை. முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, கூடவே நெல்லிக்காய் என்று சாப்பாட்டில் சேர வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து மருந்தும் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'இயற்கைதானே' என்று கை நிறைய அள்ளக்கூடாது.

அப்படியென்றால் உலர் பழமே வேண்டாமா? அப்படி இல்லை. ராத்திரி பத்துப் பதினைந்து திராட்சையை நன்றாகக் கழுவி ஊறவைத்து, காலையில் பிசைந்து சாறோடு குடித்தால் மலச்சிக்கலுக்கும் பித்தச் சூட்டுக்கும் இதமாக இருக்கும். குழந்தைகளுக்கும் ஆகும். சின்னக் குழந்தைக்கு முழுசாகக் கொடுக்காமல் மசித்துக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நல்ல பழம் நல்ல மருந்துதான். அது நல்ல பழமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த மாமியார் தை மாதம் மறுபடி வந்தார். முழங்கால் கொஞ்சம் தேவலை. போகும்போது தானாகவே சொன்னார்: "இந்தப் பொங்கலுக்கு அரைக் கிலோ தானுங்க வாங்கினேன். கம்பெனிப் புள்ளைங்களுக்குக் கடலை மிட்டாய் புதுசா வாங்கிக் குடுத்துட்டமுங்க."

மருமகள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் போன தீபாவளி பாட்டில் ஒன்று பின்வரிசையில் ஒளிந்திருக்கும். இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். பிரிக்க வேண்டியதைப் பிரியுங்கள். ஒதுக்க வேண்டியதை ஒதுக்குங்கள். ஒதுக்கியதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.